கழற்றிக்கொண்டு போன கிக்கர்

ஒக்காருங்க தம்பி, இந்தப் பையை நகத்திக்கறன். டிக்கெட்டு தாராவரத்துக்குங்களா? அத்தனை தூரம் நின்னுட்டுப் போனா காலு என்னத்துக்காகும், ஒக்காருங்க. சன்னலோரமாவே போங்க, எனக்குத் தூசி ஆகாது. மூக்குல துணி கட்டியிருக்கறனேன்னு பயந்துக்காதீங்க. எங்கிட்ட ஒட்டுவாரொட்டி ஒண்ணும் இல்ல. உங்ககிட்ட இருந்து எனக்கு ஏதும் வந்தரக்கூடாதுன்னுதான் கட்டியிருக்கறன்.

கிட்னி மாத்துன ஒடம்புங்க இது. ரெண்டு வருசமாச்சு. பாத்தாத் தெரியாது, இல்லீங்களா? எல்லாரும் அதேதான் சொல்றாங்க.

நான் காங்கயத்துல எறங்கிக்குவன். என்ற மச்சினன் கொழந்தவேலு அங்க வண்டி ஒர்க்சாப்பு வெச்சிருக்கறான். என்ற சாமான் ஒண்ணு அவங்கிட்ட இருக்குது, அதை வாங்கியாரப் போறன். என்ன சாமான்னா, கிக்கருங்க. புல்லட்டை உதைச்சு எடுக்கறமே, அந்தக் கம்பி. என்ற வாசல்ல நின்ன வண்டியில இருந்து, என்ற கண்ணு முன்னாலயே கழட்டிட்டுப் போயிட்டான். இருபத்தஞ்சு வருசம் மாப்ள மாப்ளன்னு கூப்புட்ட மனுசனுக்கு அவன் பண்ணுன மரியாதை. மொதல்ல இருந்து சொல்றன், நாயமா இல்லியான்னு நீங்களே சொல்லுங்க.

என்ற பேரு அர்த்தநாரி. திருச்செங்கோடு. போர் போடற ரிக்கு வண்டியில டிரில்லரா இருந்தவன். வருசத்துல ஒம்பது மாசம் ஒரிசா, மத்தியப் பிரதேசம்னு காட்டுலயேதான் கெடப்பன். ஊருக்கு வந்தா எனக்கு ஒரே சந்தோசம் அந்தப் புல்லட்டுத்தான். பையை வாசல்ல போட்டுட்டு மொதல்ல வண்டியைத்தான் போயித் தொடுவன். என்ற ஊட்டுக்காரி சாந்தாமணி செம்புல தண்ணி வெச்சுட்டு நிப்பா. "இருடி, வாறன்"ம்பன். கல்யாணம் முடிஞ்சு அவளை ஊதியூருல இருந்து கூட்டியாந்ததும் அந்த வண்டியிலதான்.

அப்பேர்ப்பட்ட ஒடம்புக்கு சீக்கு வந்துருச்சு. காலு வீங்குச்சு, மூஞ்சி வீங்குச்சு, போயிப் பாத்தா ரெண்டு கிட்னியும் காலி. மூணு வருசம் டயாலிசிஸ். வாரத்துல மூணு நாள் மெசின்ல போயிப் படுக்கோணும். நாலு மணி நேரம். பாதியில காலு பிடிச்சு இழுக்கும் பாருங்க, உசுரு போயிப் போயி வரும். சாந்தாமணி கால்மாட்டுல ஒக்காந்து நீவி விட்டுட்டே இருப்பா. அந்தக் கை இல்லீன்னா நான் அன்னிக்கே போயிருப்பன். அதை நான் எங்க வேணாலும் சொல்லுவன், மறைக்க மாட்டன்.

அப்புறம் அவதான் கிட்னி குடுத்தா. ரத்தம் சேந்துருச்சு. கமிட்டின்னு ஒண்ணு வெச்சு அவளைத் தனியாக் கூப்புட்டுக் கேட்டாங்க, யாராச்சும் கட்டாயப்படுத்துனாங்களான்னு. "இல்லீங்க, நானாத்தான் குடுக்கறன்"னு கணீர்னு சொல்லிட்டா. அது அத்தனை கணீர்னு வரோணும்னு மொத நாள் நான்தான் நாலு தடவை சொல்லிக் குடுத்தன். அவளுக்கு நாலு பேரு முன்னால பேச வராதுங்க.

என்ற கூட்டாளி பச்சியண்ணன் லாரிப் பட்டறையில பெயிண்டரு. அவன் ஆஸ்பத்திரியிலயே சிரிச்சான். "அர்த்தநாரின்னு பேரு வெக்கும்போதே உங்கப்பனுக்குத் தெரிஞ்சிருக்குதுடா"ன்னு. தைச்ச எடம் வலிக்க வலிக்க நானும் சிரிச்சன்.

ஊட்டுக்கு வந்தா ஆறு மாசம் கேட்டைத் தாண்டக்கூடாதுன்னுட்டாங்க. தூசி ஆகாது, கூட்டம் ஆகாது, எடை தூக்கக்கூடாது. எத்தனை நேரந்தான் செவுத்தையே பாத்துட்டு ஒக்காந்திருக்கறது? வண்டி கொட்டாயில கித்தானுக்குள்ள கெடந்துது. மூணு வருசமா ஆரும் தொடல. ஒரு நாள் கித்தானை நீக்கச் சொல்லிப் பாத்தன். அழுகையே வந்துருச்சுங்க. சீட்டுக்கடியில எலி குடும்பம் நடத்தியிருக்குது, ஒயரு பூராத் தின்னுருச்சு. டேங்குக்குள்ள துரு. இஞ்சின் இறுகிப் போயிக் கல்லாட்டம் கெடக்குது. "நான் பொழைச்சு வந்துட்டன், இதும் பொழைச்சு வரோணும்"னு அன்னிக்கே முடிவு பண்ணீட்டன்.

முழுசா நான்தான் கட்டுனன் அந்த வண்டியை. எப்படின்னு கேளுங்க. வாசல்ல சுண்ணாம்புல ஒரு கோடு போட்டம். கோட்டுக்கு இந்தப் பக்கம் நாற்காலி, நானு. அந்தப் பக்கம் வண்டி. மண்ணெண்ணெய் வாசம் கூட எனக்கு ஆகாதுங்களே. ஒரு மூங்கிக்குச்சி வெச்சுட்டு, இதைக் கழட்டு, அதைக் கழுவுன்னு காட்டுவன். மச்சினன் ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் வருவான். பச்சியண்ணன் வேலை முடிஞ்சு சாயங்காலமா வந்து டேங்கைத் தேய்ப்பான். மேகலா, என்ற மக, போன்ல பார்ட்ஸ் எங்க கெடைக்கும்னு தேடிக் குடுப்பா. மத்த நாளெல்லாம் நானும் சாந்தாமணியுந்தான்.

அவ தொட்டியில மண்ணெண்ணெய் ஊத்தி ஒவ்வொரு போல்ட்டாக் கழுவி எடுப்பா. பிஸ்டன் மேல கரி பிடிச்சிருக்கும், அதை மரக்குச்சி வெச்சுச் சுரண்டுவா. கம்பியில சுரண்டக் கூடாது, கோடு விழுந்துரும்னு நான் சொல்லிக் குடுத்தது. வால்வுக்குப் பசை தடவி, குச்சியைக் கையில வெச்சு உருட்டி உருட்டித் தேய்க்கோணும், ரெண்டு நாள் ஆகும். பொறுமையாத் தேய்ச்சா. மச்சினனே பாத்துட்டு, "எங்கடையில இருக்கற பசங்களுக்கு இந்தக் கை வராதுக்கா"ன்னான். அவளுக்கு மூஞ்சியெல்லாம் சிரிப்பு. மத்தியானமானா மூணு தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டு எனக்குச் சோறாக்கப் போவா. நகத்துக்குள்ள கருப்பு நிக்கக்கூடாதுன்னு நானே வாங்கிப் பாப்பன். என்ற ஒடம்பு அப்படி.

அவளுக்கும் ஆப்பரேசன் பண்ணி நாலு மாசந்தான் ஆயிருந்துதேன்னு கேக்கறீங்களா? இல்லீங்க, குடுக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. ஒரே வாரத்துல அனுப்பிட்டாங்களே. பாக்க வந்த சொந்தக்காரங்க அத்தனை பேரும் எங்கிட்டத்தான் வருவாங்க, எளநியும் பழமும் குடுத்துட்டு, மறுபொறப்புன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போவாங்க. அவ அவங்களுக்குக் காப்பி வெச்சுட்டு இருப்பா.

கடைசியில ரெண்டு பேச்சு வந்துது. அங்கதான் மச்சினனுக்கும் எனக்கும் மொதத் தடவை உரசுச்சு. "மச்சா, பட்டனை அமுக்குனா ஸ்டார்ட் ஆகற மாதிரி செல்ப் மோட்டாரு மாட்டிக்கலாம்"னான். எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. உதைச்சு எடுக்கலீன்னா அது புல்லட்டாடா? மாட்டேன்னுட்டன். இன்னொண்ணு, பிக்கப்பு நல்லா இருக்கோணும்னு, பிளக்குல பொறி விழற டைமிங்கைச் சித்த முன்னால தள்ளி வெக்கச் சொன்னன். "வெச்சா உதைக்கும்போது திருப்பி அடிக்கும் மச்சா, மொழங்காலு போயிரும்"னான். அடிச்சா அடிக்கட்டும், வண்டின்னா அப்படித்தான்னன். அவன் என்ன நெனைச்சுட்டு வெச்சான்னா, பச்சியண்ணன் வந்து உதைச்சுக் குடுப்பான்னு.

எனக்கு மாத்து கிட்னி எங்க வெச்சிருக்காங்க தெரியுங்களா? முன்னால, இந்த வலது இடுப்புக்கிட்ட. அந்தக் காலை வெச்சு உதைக்கவே கூடாதுன்னு டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டாரு. பச்சியண்ணனுக்குக் காலையில எட்டு மணிக்குப் பட்டறை. நான் ஏழு மணிக்கே கெளம்பற ஆளு. தெனமும் அவனைப் போயி எப்படிக் கூப்பிடறது? சாந்தாமணி ஊட்டுலதான இருக்கறா.

இருங்க, வீடியோவே இருக்குது, காட்டறன். இது வண்டிக்குப் பூசை போட்ட நாளு, மச்சினனுக்குக் கடையில வேலை, வரல. பாருங்க, சீட்டு மேல நானு. மாலையெல்லாம் போட்டிருக்காங்க. சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம். சாந்தாமணி வண்டிக்கு அந்தப் பக்கம் நிக்கறா, அதான் தெரியல. சீலை முந்தி தெரியுது பாருங்க, அது அவதான். இப்பப் பாருங்க, மூணு உதை... நாலு... அஞ்சாவது உதைக்கு எடுத்துக்கிச்சு. சத்தத்தைக் கேளுங்க! ஊரே கை தட்டுது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, பாருங்க, தொடைக்கறன். அப்படியே ஒரு சுத்து மலையடிவாரம் வரைக்கும் போயிட்டு வந்தன். வர்றப்ப அவ கேட்டுக்கிட்ட மொழங்காலைப் பிடிச்சுட்டு நின்னா. "எப்படீங்க இருந்துது?"ன்னா. "பழைய வண்டியேதான்டி"ன்னன்.

அவளைப் பின்னால ஒக்கார வெச்சு ஒரு தடவை ஊதியூருக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிக் கேட்டா. போலாம்னன். பிஸ்டனுக்குப் புது ரிங்கு போட்டது, ஆயிரம் கிலோமீட்டரு ஓடற வரைக்கும் லோடு ஏத்தக்கூடாதுங்க. அப்புறம் மழை வந்துருச்சு. அப்படியே தள்ளிப் போச்சு.

ஒரு வருசம் தெனமும் ரெண்டு தடவை உதைச்சுக் குடுத்தா. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வண்டி மேல ஏறி நின்னு உதைச்சாத்தான் எடை முழுசா எறங்கும், காலு தப்பிக்கும். மச்சினன் பச்சியண்ணனுக்கு அப்படித்தான் காட்டிக் குடுத்தான், அவளும் அதைப் பாத்துட்டு ஏறப் போனா. நான்தான் வேண்டாம்னுட்டன். சீலை கட்டுன பொம்பளை நடுவாசல்ல வண்டி மேல ஏறி நின்னா பாக்கறவன் என்ன பேசுவான்? பக்கத்துல நின்னே உதைன்னன். ஹெட்லைட்டு மேல இருக்கற ஆம்பியர் முள்ளு நடுவுக்கு வந்ததும் ஒரே உதை. சில நாள் எடுத்துக்கும். சில நாள் திருப்பி அடிக்கும், அப்படியே ஒக்காந்துருவா. "என்னடி, முள்ளைப் பாக்கலியா?"ன்னு சத்தம் போடுவன். எந்திரிச்சு மறுபடி உதைப்பா. ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டாளுங்க. அப்படிப் பொம்பளை இந்தக் காலத்துல கெடைக்க மாட்டா.

மொழங்காலு வீங்கிக்கிச்சு. நான் அதைப் பாக்காம உடலீங்க. எனக்கும் மனசு இருக்குது. மெடிக்கல்ல போயி, மூட்டு வலிக்கு ஒரு செட்டு மாத்திரை குடுங்கன்னு நானே வாங்கியாந்து குடுத்தன். ரெண்டு வேளைக்குத்தான் வாங்குனன், நல்லாக் கேட்டுது. அப்புறம் அட்டை அட்டையாவே வாங்கி வெச்சுட்டன். காலையில உதைக்கறதுக்கு முன்னால ஒண்ணு, பொழுதோட ஒண்ணு. எட்டு மாசம் ஒரு வேளை அவளுக்கு மாத்திரை இல்லாம வெச்சதில்ல.

வலி மாத்திரை கிட்னியைக் கெடுத்துரும், தொடவே கூடாதுன்னு டாக்டரு சொல்லித்தான் அனுப்புனாரு. எனக்குப் பல்லு வலி வந்து ரெண்டு நாள் துடிச்சன், தொடல தம்பி. அத்தனை கட்டுப்பாடு. மக அப்புறம் என்ன சொன்னாங்கறீங்க, "அப்பா, அன்னிக்கு ரெண்டு பேருக்குந்தான் சொன்னாரு, அம்மாவையும் பாத்துத்தான் சொன்னாரு"ன்னா. இருக்கலாம். நான் என்ற பைலையே பாத்துட்டு இருந்தன்.

மாசாமாசம் எனக்கு ரத்தம் எடுக்கறதுக்குக் கோயமுத்தூரு போவம். அவளும் கூட வருவா. நான் உள்ள போயிட்டு வர்ற வரைக்கும் பைலைப் புடிச்சுட்டு வெளிய பெஞ்சுல ஒக்காந்திருப்பா. வருசத்துக்கு ஒருக்கா அவளுதையும் எடுத்துப் பாத்திருக்கோணுமாமா. மக சொன்னா. அந்தப் பெஞ்சுல இருந்து ரத்தம் எடுக்கற ரூமு பத்தடிதான். அவளும் ஒரு வார்த்தை கேக்கல, எனக்கும் தோணல.

நாலு மாசத்துக்கு முன்னால அவளுக்குச் சோறு எறங்கல. வாந்தி. காலு வீங்குச்சு. மொழங்காலு வீக்கந்தான் கீழ எறங்குதுன்னு நெனைச்சுத் தைலம் தேச்சு விட்டன். அப்புறம் மூஞ்சி வீங்குச்சு. அதை நான் கண்ணாடியில பாத்தவன் தம்பி. மூணு வருசம் பாத்தவன்.

இருந்த ஒத்தக் கிட்னியும் போச்சு. வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். செவ்வா, வியாழன், சனி. நான் போன அதே ஈரோட்டு ஆஸ்பத்திரி. அதே மூலைப் படுக்கைன்னு மக சொன்னா. நான் போயிப் பாக்கலீங்க. அந்த ரூமுக்கு நான் போகக்கூடாது, எனக்கு எதாச்சும் தொத்திக்கிட்டா என்ன பண்றது? அவளே சொன்னா, "நீங்க வராதீங்க"ன்னு. ஒரு நாள் மட்டும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போயி வேப்பமரத்தடியில நின்னன். உள்ள காலு பிடிச்சு இழுக்குமே, ஆரு நீவி விடுவான்னு நெனைச்சன். வெசனப்பட்டா எனக்கு பிரசரு ஏறிக்கும், அதனால ஊட்டுக்கு வந்துட்டன்.

எனக்கா? எனக்கு நல்லா ஓடுதுங்க. போன மாசம் டாக்டரு ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, அருமையான கிட்னின்னாரு. அதைத்தான் நான் மகளுகிட்ட சொன்னன், உங்கம்மா ரெண்டுல நல்லதாப் பாத்துத்தான் எனக்குக் குடுத்திருக்கறான்னு. பெருமையாத்தான் சொன்னன். அன்னில இருந்து மக எங்கிட்டப் பேசறதில்ல.

மச்சினன் போன சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போயி அவளைப் பாத்திருக்கறான். அங்க மக எல்லாத்தையும் சொல்லியிருக்கறா. தெனமும் உதைச்சது அவதான்னு அப்பத்தான் அவனுக்குத் தெரிஞ்சிருக்குது. நேரா ஊட்டுக்கு வந்தான். வா மாப்ளன்னன். பையில இருந்து ஸ்பேனரை எடுத்தான், வண்டிக்கிட்ட குத்த வெச்சு ஒக்காந்தான். டைமிங்கைப் பாக்கறான்னு நெனைச்சன். கிக்கரைக் கழட்டி, பழைய பனியன் துணியில சுத்திப் பையில போட்டுக்கிட்டான். "என்னடா பண்ற?"ன்னன். "எங்கக்கா காலு இனி இதுல படாது மச்சா"ன்னு ஒரே வார்த்தை. திரும்பிப் பாக்காமப் போயிட்டான். பக்கத்துல ஒக்காந்து பாத்துட்டு இருந்த பச்சியண்ணனும் எந்திரிச்சுப் போனான். இப்ப அஞ்சு நாளாச்சு, டீ குடிக்கக்கூட வர்றதில்ல.

கடையில வேற கிக்கர் கெடைக்காதான்னு நெனைப்பீங்க. கெடைக்கும். அதுல்ல விசயம். இருபத்தேழு வருசம் என்ற காலு பட்டுத் தேஞ்ச ரப்பருங்க அது. என்ற வண்டியில கை வெக்க அவன் ஆரு?

இருங்க, மணி அடிக்குது. பத்து. மாத்திரை நேரம், ஒரு நிமிசம் தப்பக்கூடாது. இந்த டப்பாவைப் பாருங்க தம்பி, ஞாயிறு, திங்கள்னு வாரத்துக்கும் தனித்தனியாப் போட்டிருக்குது. நேத்து சாந்தாமணிதான் போட்டு வெச்சா. ஊசி போட்ட கை வீங்கி மடக்க முடியல, ஒத்தக் கையிலயே அட்டையைப் பிரிச்சுப் பிரிச்சுப் போட்டா. பதினஞ்சு மாத்திரைக்கு மேல இருக்கும் ஒரு நாளைக்கு. எனக்கு இன்னிக்கு வரைக்கும் எது எதுக்குன்னே தெரியாது. அந்தத் தண்ணிப் பாட்டலைக் குடுங்க. கொதிக்க வெச்சு ஆத்துன தண்ணி, அதுவும் அவ வெச்சதுதான்.

ஆமா, இன்னிக்கு வியாழன்தான். மக கூடப் போயிருக்கறா. அதான் இன்னிக்கே கெளம்புனன், ஊட்டுல ஆரும் இல்லாத நாளாப் பாத்து. அவ இருந்தா போக வேண்டாம்பா. தம்பிகிட்டச் சண்டை போடாதீங்கம்பா.

என்னங்க? கிக்கரை வாங்கியாந்தா ஆரு உதைக்கறதா?

நல்லாக் கேட்டீங்க போங்க. அவளுக்கு வாரத்துல மூணு நாள்தானுங்க ஆஸ்பத்திரி. மீதி நாலு நாள் ஊட்டுலதான இருக்கறா.

ஏனுங்க தம்பி, எந்திரிச்சுட்டீங்க? இது அறச்சலூருதானுங்க. பின்னால சீட்டெல்லாம் நெறைஞ்சு கெடக்குது பாருங்க. தாராவரம் வரைக்கும் நின்னுட்டேவா போறீங்க?